கல்யாணம் ஆனவனுக்கு நண்பன் எதற்கு?

“கல்யாணம் ஆயிடுச்சு, இன்னும் என்னப்பா ஃப்ரெண்டு? குடும்பத்தைப் பாரு.” பெரியவர்கள் இதை அறிவுரையாகவே சொல்கிறார்கள். ஆண்களின் நட்பு கல்லூரியோடு முடிய வேண்டிய விளையாட்டு, அதன் பிறகு வேண்டிய துணையெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஊறிக் கிடக்கிறது.

இது தவறு, ஆபத்தான தவறு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ஆண்கள். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு. நண்பன் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சிக்கலே வீட்டுக்குள் இருக்கும்போது, அதை வீட்டில் மட்டுமே சொல்லு என்றால் ஒருவன் எங்கே போவான்?

பெரியாரையும் ராஜாஜியையும் பாருங்கள். ஒருவர் ஈரோட்டிலும் மற்றவர் சேலத்திலும் நகராட்சித் தலைவராக இருந்த நாட்களின் நட்பு அது. கடவுளிலும் அரசியலிலும் இருவரும் எதிரெதிர் துருவங்கள். 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகப் பெரியார் சிறைக்குப் போனபோது மாகாணப் பிரதமர் ராஜாஜிதான். 1953-இல் அவருடைய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடியவர் பெரியார். ஆனாலும் இவை இரண்டுக்கும் இடையே 1949-இல், எழுபதை நெருங்கிய வயதில், மறுமணம் பற்றிய யோசனையில் இருந்தபோது பெரியார் தேடிப் போனது அந்த எதிரியைத்தான். கவர்னர் ஜெனரலாகத் திருவண்ணாமலைக்கு வந்திருந்தவரை ரயில் பெட்டியில் தனியே சந்தித்துப் பேசினார். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தார். 93 வயதுப் பெரியார் சுடுகாட்டுக்கு வந்து, எல்லோர் கண் முன்னும் அழுதார். ஆண்பிள்ளை அழலாமா என்று அவரிடம் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

ஆண்கள் கூடினால் குடிதான் என்பார்கள். குடும்பங்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் “மனசு சரியில்லடா மச்சான்” என்று தெளிவாக இருக்கும்போது சொன்னால் கேலி செய்கிறோம்; அதனால்தான் அதைச் சொல்ல ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறது.

கணவனுக்கு நண்பனே வேண்டாம் என்பது மனைவிக்கும் அநியாயம். கணவனின் கடன், வேலை போகும் பயம், அண்ணன் தம்பி தகராறு எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டியிருக்கிறது. (அவளுடைய தோழிகளைக் கல்யாணம் இன்னும் கொடூரமாகப் பிரித்துவிடுகிறது; அதைத் தனியே எழுத வேண்டும்.) மாதத்தில் ஒரு மாலை இருவரும் மாறி மாறி வீட்டைப் பார்த்துக்கொண்டு, அவரவர் நட்புக்கு நேரம் ஒதுக்கட்டும். டீக்கடை பெஞ்சில் பழைய நண்பனோடு இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வருபவனைப் பொறுப்பில்லாதவன் என்று ஏசுவதை நிறுத்த வேண்டும்.