தண்ணீர் யாருடைய இலாகா?

பெண்கள் சட்டமன்றம் போனால் குடிநீர், கழிப்பறை, சத்துணவு பற்றிப் பேசுவார்கள். ஆண்கள் சாலை, தொழில், நிதி பற்றிப் பேசுவார்கள். இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கூடவே ‘தாயுள்ளம்’ என்ற சொல்லும் வந்துவிடும். இந்தப் பாராட்டு நமக்கு வேண்டாம்.

வேறுபாடு இருப்பது உண்மைதான். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்த ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டஃப்லோவும் 2004இல் அதை எழுதினார்கள். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகள் கூடுதலாக நடந்தன. ஆனால் சாலை விஷயத்தில் இரு மாநிலங்களும் எதிரெதிர்த் திசையில் போயின. ராஜஸ்தானில் பெண் தலைவர்கள் சாலையில் குறைவாகவே கவனம் செலுத்தினார்கள். வங்கத்தின் பீர்பூமிலோ அதிகம் செலுத்தினார்கள். அங்கே சாலை வேலைக்குக் கூலியாகப் போனவர்களில் பெண்கள் நிறைய. அதனால் சாலை கேட்டவர்களும் பெண்களே. தாயுள்ளம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா? மாறியது வேலை. குடம் யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் குழாயைப் பற்றிப் பேசுகிறார்.

அதிராம்பட்டினத்து உப்பளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், ஒதுங்க மறைவிடம் வேண்டும். மழைக்காலத்தில் வேலை நின்றால் வருமானம் வேண்டும், நியாயமான கூலி வேண்டும். இவற்றில் முதல் இரண்டு பெண்கள் பிரச்சினை, அடுத்த இரண்டு பொருளாதாரம் என்று எங்கே கோடு கிழிப்பீர்கள்?

2021இல் அதிராம்பட்டினம் நகராட்சியானது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்கிறது சட்டம். ஆனால் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பதும் மாநில வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும் சென்னையில். 2021இல் அங்கே தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர். மூன்றில் ஒரு பங்கு தரும் சட்டத்தை 2023இல் நிறைவேற்றியவர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்றார்கள். குழாயடியில் நமக்குப் பாதி. கஜானா வாசலில் நூற்றுக்கு ஐந்து.

‘எண்ணிக்கையில் என்ன இருக்கிறது, தகுதியான ஒரு பெண் போதாதா?’ என்பார்கள். 1927இல் சென்னை சட்டசபைக்குள் முத்துலட்சுமி ரெட்டி ஒற்றைப் பெண்ணாகத்தான் நுழைந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். தஞ்சைக் கோயில்களை அறிந்த எந்த உறுப்பினருக்கும் அது புதிய செய்தியல்ல. இருந்தும் வழக்கத்தை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் வர 1947 ஆயிற்று. அந்த மசோதாவை எதிர்த்த தேவதாசிப் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சபையில் இருக்கை இல்லை. ஒருத்தியால் எல்லோருக்காகவும் பேசிவிட முடியாது. உப்பளத்துப் பெண்ணும், மீன் விற்கும் பெண்ணும், நாற்று நடும் தலித் பெண்ணும், முஸ்லிம் பெண்ணும் உள்ளே போக வேண்டும். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வரட்டும். ஆண்கள் அதைத்தானே அங்கே இத்தனை காலமாகச் செய்துவருகிறார்கள்?

‘பெண் உறுப்பினரின் முன்னுரிமை என்ன?’ என்று இனி நம்மைக் கேட்காதீர்கள். மற்ற 222 பேரைக் கேளுங்கள்: அவர்கள் வீட்டிலும் தண்ணீர் குடிக்கிறார்களே, அது ஏன் அவர்கள் முன்னுரிமையாகவில்லை? நிதியும் தொழிலும் பாசனமும் எங்களுக்கும் வேண்டும். குடிநீருக்கு நீங்களும் பதில் சொல்லுங்கள்.