மீனுக்கு முன் கருவி

திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குச் சாலை வழியே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இடையில் செஞ்சிக் குன்றுகளும் வறண்ட வயல்களும் கிடக்க, கடற்காற்று எட்டிப் பாராத இந்த மலையடி நகரத்தில், வீட்டுக் கூடத்திலோ விடுதி முகப்பிலோ கடல்மீன் தொட்டி ஒன்றை வைத்து அழகு பார்க்க வேண்டும் என்ற ஆசை சிலருக்கு எழுவது இயல்பே. அந்த ஆசையைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், கடலை விட்டு இவ்வளவு தூரம் ஒரு ஜீவனைக் கொண்டுவந்து கண்ணாடிச் சுவர்களுக்குள் குடிவைக்கிறவர் அதன் மூச்சுக்கும் சுத்தத்துக்கும் பிணை நிற்கிறார் என்பதையும், அந்தப் பிணையைக் காப்பாற்றும் சாதனம் கைக்கு வராதவரை ஒரு மீனைக்கூட வாங்குவது தர்மமாகாது என்பதையும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சாதனம் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று வழங்கும் நுரை பிரிக்கும் கருவி. விலை கொடுத்து வாங்க இயலாதவர் அதைத் தம் கையாலேயே செய்துகொள்ளலாம். செய்துகொள்ளவே வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி தூவுவதைப் புண்ணியமாகக் கருதும் மக்கள் நாம். பரந்த குளத்தில் ஒரு கைப்பிடிப் பொரி எந்தத் தீங்கும் செய்துவிடாது. இருநூறு லிட்டர் தொட்டியிலோ, மீன் தின்னாமல் விட்ட இரையும், அதன் கழிவும், உடலினின்று ஓயாமல் கசியும் கோழையும் போக்கிடமின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன. இவற்றிலுள்ள புரதம் அழுகும்போது அம்மோனியா பிறக்கிறது. அதை ஒருவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை வேறுவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா மிகச் சொற்ப அளவிலேயே கொடிய விஷம்; நைட்ரேட்டோ மெல்ல மெல்லச் சேர்ந்து பாசியைப் பெருக்கி, நுண்ணிய கடலுயிர்களை நலிவடையச் செய்வது. பஞ்சு வைத்த சாதாரண வடிகட்டி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறதே தவிர நீரைவிட்டு வெளியேற்றுவதில்லை. கண்ணுக்கு நீர் பளிங்கு போலத் தெரிந்தாலும், அதன் பாதையிலேயே அந்த அழுக்கு அழுகிக்கொண்டிருக்கும். அழுகத் தொடங்குமுன்பே அதைத் தொட்டியைவிட்டு அப்புறப்படுத்துவது ஸ்கிம்மரின் தனிச் சிறப்பு.

அதன் தத்துவம் நம் நாட்டாருக்குப் புதிதன்று. கரும்புச் சாறு காய்ச்சும் கொப்பரையில் பொங்கி வரும் அழுக்கு நுரையை வழித்தெறிந்த பின்னரே வெல்லத்துக்குத் தெளிந்த நிறம் வாய்க்கிறது என்பதை இம்மாவட்டத்துக் கரும்பு விவசாயிகள் நன்கு அறிவார்கள். கடல்நீர்த் தொட்டியில் வெப்பத்துக்குப் பதிலாகக் காற்று அந்த வேலையைச் செய்கிறது. புரதம் முதலிய கரிமப் பொருள்களின் மூலக்கூறுகள் பலவற்றில் ஒரு பகுதி நீரை நாடும், மற்றொரு பகுதி நீரை விட்டு விலகும். நீருக்குள் ஒரு காற்றுக்குமிழி எழும்போது, விலகும் பகுதியைக் காற்றுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு அந்த மூலக்கூறுகள் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இப்படி அழுக்கைச் சுமந்த குமிழிகள் கோடிக்கணக்கில் மேலேறி, குறுகிய கழுத்து ஒன்றில் நெருங்கி, தம்மிடமுள்ள நீரை வடியவிட்டு, கெட்டியான நுரையாகி, மேலே வைத்த கிண்ணத்தில் வழிகின்றன. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்து விரைவில் மேலே போய்விடும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ள கடல்நீரிலோ அந்த இணைப்பு தடைபடுவதால், குமிழிகள் பொடியாகவே நின்று நெடுநேரம் நீரைத் தழுவிச் செல்கின்றன. நன்னீர் மீன் வளர்ப்போர் இக்கருவியின்றியே காலந்தள்ளுவதற்கும், கடல்மீன் வளர்ப்போர் அப்படிச் செய்யலாகாது என்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

1960-களில் ஜெர்மனியில் எர்வின் சாண்டர் என்பவர் வீட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றவாறு இக்கருவியை வடித்துக் கொடுத்தார். பின்னர் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் நுண்ணுயிர்கள் குடிகொண்ட உயிர்ப்பாறையோடு ஸ்கிம்மரையும் சேர்த்து வகுத்த முறை, அந்நகரத்தின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. அலை உடையுமிடத்தில் கடலே நாள்தோறும் நுரை பிரிக்கும் இக்காரியத்தைச் செய்து, கரையில் நுரையை ஒதுக்கிவிடுகிறது. அலையில்லாத தொட்டிக்கு மனிதன்தான் அதைச் செய்து தரவேண்டும்.

கடலுக்கு அருகில் இருப்போருக்கும் நமக்கும் உள்ள வேற்றுமையையும் இங்கே கருத வேண்டும். எட்கர் தர்ஸ்டன் என்பவரின் முயற்சியால் 1909-ல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன்காட்சிச்சாலைக்குக் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருவண்ணாமலையில் ஒரு குடம் கடல்நீர் வேண்டுமென்றால், கேன்களில் நிரப்பி வண்டியேற்றிக் கொண்டுவர வேண்டும். அல்லது விலையுயர்ந்த செயற்கைக் கடலுப்பை வாங்கிச் சுத்திகரித்த நீரில் கரைக்க வேண்டும். சமையல் உப்பைக் கரைத்துவிட்டால் கடல்நீர் ஆகிவிடாது. மக்னீசியமும் கால்சியமும் பிறவும் அதனதன் விகிதத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே, நீரை அடிக்கடி மாற்றித் தப்பிக்கும் வசதி நமக்கில்லை. இருக்கும் நீரை நெடுநாள் நல்ல நிலையில் வைத்துக்கொள்வது கடலோரத்தாரைவிட நமக்கே அதிக அவசியம். ஆதலால் ஸ்கிம்மரும் நமக்கே அதிகம் தேவை.

நடைமுறையோ நேர்மாறாக இருக்கிறது. தொட்டிக்கும் விளக்குக்கும் மீனுக்கும் செலவிட்டபின், இறக்குமதியான ஸ்கிம்மரின் விலையைக் கேட்டு மலைத்து, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அதை மட்டும் ஒத்திப்போடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. மடிந்ததற்கு ஈடாக மீண்டும் மீன் வாங்கப்படுகிறது. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளினின்று பிடிக்கப்படுபவை என்பதை நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு தொட்டிச் சாவும் ஏதோ ஒரு பாறையின்மீது விழும் புதிய வரி என்பது விளங்கும். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறோம். 2001-ல் பவளங்களையும் கடற்குதிரைகளையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறோம். சட்டம் கடற்கரையில் காவல் நிற்கும். வீட்டுக் கூடத்தில் காவல் நிற்க வேண்டியது வளர்ப்பவரின் சிரத்தையே.

கையால் செய்வது கடினமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மோட்டார், குழாய் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டரை அடித் துண்டு ஒன்று உடலாகும். அடியில் எண்ட் கேப் ஒட்டி மூடிவிடலாம். மேலே ரெட்யூசர் ஒன்றைப் பொருத்தி, அதில் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாயைக் கழுத்தாக நிறுத்தி, அதைச் சுற்றி மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கிண்ணமாக அமைக்க வேண்டும். தொட்டியின் அழுக்கு நீர் உடலின் மேற்பகுதியில் நுழைந்து கீழே இறங்க வேண்டும். காற்றுக்குமிழிகள் அடியிலிருந்து மேலே ஏற வேண்டும். இரண்டும் எதிரெதிராகச் செல்வதால் ஒன்றையொன்று தழுவும் நேரம் நீளுகிறது; கருவியின் உயிர்நிலை அதுவே. சுத்தமான நீர் அடியில் ஒரு டீ (T) இணைப்பின் வழியே வெளியேறி, பக்கத்தில் நிற்கும் குழாயில் கழுத்தின் அடிமட்டம்வரை ஏறி, கேட் வால்வு ஒன்றைக் கடந்து தொட்டிக்குத் திரும்பும். அவ்வால்வைத் திருகியே உள்ளே நீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறோம். குமிழிக்குச் சாதாரணக் காற்றுக்கல் போதாது. நுண்துளைகள் மிகுந்த மென்மையான மரத் துண்டு ஒன்றைக் காற்று அதன் நாளங்களின் வழியே புகுந்து வருமாறு வெட்டி, காற்றுப் பம்பின் குழாயை அதில் செருகினால், புகைபோல் பொடிக் குமிழிகள் எழும். சில வாரங்களில் துளைகள் அடைபடும்போது துண்டை மாற்றிவிட வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நீர் படும் இடத்தில் பித்தளை வால்வோ செப்பு ஆணியோ கூடாது; செம்பு மிகச் சிறிதளவு கரைந்தாலும் இறால், அனிமோன் போன்ற முதுகெலும்பற்ற பிராணிகளைக் கொன்றுவிடும். குழாய்ப் பசை நன்றாய் உலர்ந்து வாடை போனபின், வெறும் நீரை ஒரு முழுநாள் ஓடவிட்டு, கசிவு பார்த்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். காற்றுப் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லையேல் மின்சாரம் நின்ற கணத்தில் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பில் புகுந்துவிடும்.

கருவி ஓடத் தொடங்கிய முதல் சில நாட்கள் பொறுமையைச் சோதிப்பவை. உடலுக்குள் நீர் பால்போல் வெண்மையாய்க் கலங்கி நிற்குமே தவிர, கழுத்தில் நுரை ஏறாது, அல்லது ஏறிச் சரியும். புதுப் பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பசை கழியும்வரை அப்படித்தான் இருக்கும். அதற்குப் பின் ஒருநாள் வெள்ளை நுரைக்கு அடியில் பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். வால்வைக் கால் சுற்றுத் திருகினால் நுரை அரை விரற்கடை உயரும், மறுபக்கம் திருகினால் தாழும். மறுநாள் காலையில் கிண்ணத்தில் கடுந்தேநீர் நிறத்தில் ஒரு திரவம் தேங்கியிருக்கும். மூடியைத் திறந்தால் துறைமுகச் சேற்றின் துர்நாற்றம் முகத்தில் அடிக்கும். பளிங்குபோல் தோன்றிய நீருக்குள் இவ்வளவும் கரைந்திருந்ததா என்று திகைக்கும் அந்தக் கணத்தில், எத்தனை புத்தகங்கள் படித்தும் வராத ஞானம் பிரத்தியட்சமாக வந்துவிடுகிறது. விலைக்கு வாங்கிய கருவியும் இதே திரவத்தைத்தான் தரும். ஆனால் ஒவ்வொரு இணைப்பையும் தானே ஒட்டியவருக்கே, நுரை ஏன் ஏறவில்லை, நீர் ஏன் வழிந்தது என்று கருவியின் குறையைக் கண்டறிந்து அன்றே திருத்தும் திறமை வாய்க்கிறது. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத உள்நாட்டு நகரத்தில் அத்திறமையே மீனின் ஆயுள்.

நம் ஊர்க் கோடைக்கு இக்கருவி மற்றொரு வகையிலும் உதவுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். கடல்நீர் தாங்குவது 6 மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம். ஸ்கிம்மரின் குமிழிகள் அழுக்கை எடுக்கும்போதே நீருக்குக் காற்றையும் ஊட்டுகின்றன. எனினும் அது சர்வரோக நிவாரணி அன்று: முன்பே சேர்ந்த நைட்ரேட்டை அது நீக்காது, அளவுக்கு மிஞ்சிய மீன்களையும் அளவுக்கு மிஞ்சிய இரையையும் அது மன்னிக்காது.

இத்தனை தொல்லை எதற்கு, கடல்மீனைக் கடலிலேயே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடலிலிருந்து பிடித்த மீனைப் பொறுத்தவரை அதுவே என் கட்சியும். ஆனால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளிமீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. ஆண்மீன் முட்டைகளைக் காத்து விசிறி, ஒரு வாரம் கழிந்த ஓர் இருட்டு வேளையில் குஞ்சுகள் வெளிவரும் அந்த அற்புதம் தொட்டிக்குள்ளேயே நிகழ்கிறது. எந்தப் பாறையும் குறைவதில்லை. அப்படிப் பிறந்த மீனைத் தூய நீரில் வளர்த்து, கடலைக் கண்டிராத குழந்தைக்குக் காட்டுவது நல்ல கல்வி என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. நம் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் ஸ்கிம்மர் செய்வதை ஒரு செய்முறைப் பயிற்சியாக ஏற்க வேண்டும். குழாய் ஒட்டுதல், நீரோட்டம், இரசாயனம், ஜீவசாஸ்திரம் நான்கும் ஒரே வேலையில் கூடும் பயிற்சி எளிதில் அமையாது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் மீன்வளத்துறையும், சோதித்துப் பார்த்த வரைபடம் ஒன்றை எளிய தமிழில் அச்சிட்டு உள்நாட்டு மாவட்டங்களுக்கெல்லாம் வழங்க வேண்டும். சென்னைக் கொளத்தூர் முதல் நம் ஊர்வரை கடல்மீன் விற்கும் வணிகர்கள், ஸ்கிம்மர் ஓடும் தொட்டி உள்ளவருக்கே மீன் தருவது என்ற ஒழுக்கத்தைத் தாமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வியாபாரம் கைவிட்டுப் போனாலும், வாங்கியவர் மீன் சாகாமல் நெடுநாள் வளர்த்தால் அவரே நிலையான வாடிக்கையாளர் ஆவார்.

இம்மூன்றுக்கும் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடல்மீன் தொட்டி வைக்க எண்ணுகிறவர், மீனுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் குழாய்க்கும் வால்வுக்கும் செலவிட்டு, மீனில்லாத உப்புநீரில் தம் கருவியை ஓட்டிப் பழகட்டும். அந்த உழைப்பில் அலுப்புத் தட்டினால் மீன் வாங்காமலே விட்டுவிடலாம். அதுவும் கடலுக்குச் செய்த உபகாரமே.