முதல் பக்கம்

சென்ற மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், நல்ல ரசிகர்தான், என் அலமாரியிலிருந்து ஒரு காங்கோ ரும்பா இசைத்தட்டை எடுத்தார். நான் தடுப்பதற்குள் அதைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தில் முள்ளை வைத்துவிட்டார். "முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது ஸார்? எவனோ புரியாத பாஷையில் அழுதுகொண்டிருப்பான். கிடார் இங்கேதான்!" என்றார்.

வந்த கோபத்தைக் காபியோடு விழுங்கிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி வாஸ்தவம். இந்த ரும்பாவில் முதலில் நிதானமான பாட்டு வரும். பிறகு 'செபென்' என்கிற பகுதி. அதில் குரல் ஒதுங்கிக்கொள்ளும். கிடார்கள் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து விளையாடும். சிறிய தட்டில் நீண்ட பாட்டு அடங்காது. ஆகவே இரண்டாக முறித்துப் பதிவார்கள். கதை முன்பக்கம், களியாட்டம் பின்பக்கம். நிக்கோ கசாண்டாவின் விரல்கள் செய்கிற ஜாலத்துக்கு நானும் அடிமைதான்.

ஆனால் பசிக்காதவனுக்குப் பாயசம் எதற்கு? காத்திருந்தால்தானே செபெனுக்கு ருசி! 1980-களில் பாரிஸில் பதிவான சூகூஸ் தட்டுகள் பலவற்றில் நிதானப் பகுதியைச் சுருக்கினார்கள். சிலவற்றில் அடியோடு வெட்டினார்கள். என் நண்பரைப் போன்றவர்கள் கேட்டது கிடைத்தது. கால்கள் ஆடின. மனம் சும்மா இருந்தது.

'வெறும் ஆட்டப்பாட்டு' என்கிறார்களே, அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓ.கே. ஜாஸ் குழுவின் தலைவர் ஃபிராங்கோ கிடாரில் மன்னர். 1978-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். கிடார் வாசித்ததற்காகவா? இல்லை, பாட்டின் சொற்கள் ஆபாசம் என்று. சர்க்காருக்குத் தெரிந்திருந்தது, முதல் பக்கத்தில் விஷயம் இருக்கிறதென்று! ரசிகருக்குத் தெரியவில்லை.

மொழி புரியவில்லையா? லிங்காலா எனக்கும் தெரியாது. 1960 ஜனவரியில், காங்கோவின் விடுதலை பற்றிப் பேச பிரஸ்ஸல்ஸில் வட்டமேஜை மாநாடு கூடியது. ஜோசஃப் கபசெலேயின் ஆஃப்ரிக்கன் ஜாஸ் குழுவும் அங்கே போயிற்று. அங்கே பிறந்ததுதான் 'அந்திபாந்தான்ஸ் சா சா'. விடுதலை கிடைத்துவிட்டது என்று கூத்தாடும் பாட்டு. அதில் தலைவர்களின் பெயர்களை மாலையாகக் கோத்திருக்கிறார்கள். லுமும்பா உண்டு, ஷோம்பேயும் உண்டு. ஜூன் 30-இல் விடுதலை வந்தது. 1961 ஜனவரி 17-இல் லுமும்பாவைக் கொன்றார்கள். கொன்ற இடம் ஷோம்பே பிரித்து ஆண்ட கட்டாங்கா. தட்டுக்கு இதெல்லாம் தெரியாது. முள்ளை வைத்த போதெல்லாம் இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து வாழ்த்துகிறது. பெயர்களைக் கேட்கும் பொறுமை இருப்பவனுக்கு அந்த உற்சாகமே தொண்டையை அடைக்கும். மற்றவனுக்கு அது சா சா.

"எல்லாம் க்யூபாவின் நகல்" என்றும் ஒரு கட்சி உண்டு. 1930-களிலிருந்து க்யூபா இசைத்தட்டுகள் காங்கோ நதிக் கரைக்கு வந்தன, உண்மை. ஆனால் க்யூபாவுக்கு அந்தத் தாளத்தைக் கொண்டுபோனவர்களில் காங்கோவிலிருந்து அடிமைகளாகக் கடல் கடந்தவர்களும் உண்டே! தாத்தா வீட்டுக்கு வந்த பேரனை அந்நியன் என்பதா? 2021 டிசம்பரில் யுனெஸ்கோவே இரண்டு காங்கோக்களின் ரும்பாவையும் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அந்த அத்தாட்சி வேண்டியதில்லை, கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

தட்டுச் சேர்ப்பதைப் பித்து என்கிறார்கள். இருக்கட்டும். பழைய தட்டில் கீறல் இருக்கும், இரைச்சல் இருக்கும். ஆனால் பாட்டும் செபெனும் ஒரே உடம்பாக இருக்கும். பிரித்துத் தின்னத் தெரியாத பித்து இது.

நண்பர் மறுபடியும் வருவார். காபி உண்டு. ஆனால் முள்ளை வைப்பவன் நான், முதல் பக்கத்தில்.