நண்பரின் நண்பருக்கு அட்டவணையே போதும்

தரவுகளுக்குள் தொடர்புகள் அதிகமாக இருந்தால் அட்டவணை தாங்காது, கிராஃப் தரவுத்தளத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை மென்பொருள் துறையில் வேரூன்றிவிட்டது. கருத்தரங்குகளில் இதைச் சொல்கிறார்கள், பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள், திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள். வாடிக்கையாளர், ஆர்டர், பொருள், கிடங்கு என்று நாலு அட்டவணைகள் சேர்ந்தாலே "இது கிராஃப் டேட்டா" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகளைப் பிரித்துப்போட வைத்து, பணத்தையும் மாதக்கணக்கான உழைப்பையும் அது வீணடிக்கிறது.

கிராஃப் தரவுத்தளத்தின் அடிப்படை எளிமையானது. ஆள், நிறுவனம், முகவரி போன்றவை கணுக்கள். 'நண்பர்', 'பங்குதாரர்', 'இயக்குநர்' என்று கணுக்களைச் சேர்ப்பவை இணைப்புகள். ஸ்வீடனில் பிறந்த நியோ4ஜே இந்த வகையில் பெயர் பெற்றது. அதன் 1.0 பதிப்பு 2010இல் வெளிவந்தது. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போக இண்டெக்ஸைத் தேட வேண்டியதில்லை, கணுவே தன் அண்டை கணுக்களைக் கையில் வைத்திருக்கிறது என்பதுதான் இதன் ஆதரவாளர்கள் முன்வைக்கும் முதல் வாதம்.

அடுத்து அவர்கள் நீட்டுவது ஒரு சோதனை முடிவை. 'நியோ4ஜே இன் ஆக்‌ஷன்' என்ற நூலில் உள்ள, ஓரெய்லி வெளியிட்ட 'கிராஃப் டேட்டாபேசஸ்' நூலிலும் எடுத்தாளப்பட்ட சோதனை அது. 10 லட்சம் பேர், ஒவ்வொருவருக்கும் சுமார் 50 நண்பர்கள். நண்பரின் நண்பர் வரை போகும் இரண்டாம் படியில் அட்டவணைத் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லுக்கும் நியோ4ஜேக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாம் படியில் மைஎஸ்க்யூஎல் 30 விநாடி எடுத்துக்கொண்டது, நியோ4ஜேக்கு 0.17 விநாடி போதுமானதாக இருந்தது. நான்காம் படியில் 1,543 விநாடிக்கு எதிராக 1.36 விநாடி. ஐந்தாம் படியில் மைஎஸ்க்யூஎல் முடிக்கவே இல்லை, நியோ4ஜே 2.13 விநாடியில் முடித்தது.

எண்களைப் பார்த்தால் அட்டவணையின் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். அந்த எண்கள் எப்படி வந்தன என்பதைப் பார்த்தால் கதை வேறு. ஐம்பதை ஐந்து முறை பெருக்கினால் 31.25 கோடி. ஐந்து படிகளில் இத்தனை பாதைகள் உண்டு, ஆனால் ஆட்கள் மொத்தமே 10 லட்சம் பேர். மைஎஸ்க்யூஎல்லுக்குக் கொடுக்கப்பட்ட வினவல், நண்பர் அட்டவணையைத் தன்னோடு தானே அடுத்தடுத்து ஜாயின் செய்து, எல்லாப் பாதைகளையும் விரித்துவிட்டு, கடைசியில்தான் ஒரே பெயர் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்த்துக் கழித்தது. நியோ4ஜேயின் டிராவர்சல் ஏபிஐயோ, வேறு மாதிரி கேட்காதவரை, ஒரு கணுவை ஒரு முறைதான் தொடும். ஒருவரிடம் எல்லாப் பாதைகளையும் எண்ணச் சொல்லிவிட்டு, இன்னொருவரிடம் ஆட்களை மட்டும் எண்ணச் சொன்னால், இரண்டாமவர் முந்துவதில் என்ன அதிசயம்? நியோ4ஜேயின் சொந்த மொழியான சைஃபரில் 'ஐந்து படி வரை உள்ள எல்லாப் பாதைகளும்' என்று எழுதினால், அதே கோடிக்கணக்கான பாதைகள் அங்கேயும் வந்து நிற்கும்.

அட்டவணைகளின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் ஆட்களை மட்டும் எண்ண வழியே இல்லையா? 1999இன் எஸ்க்யூஎல் தரநிலையிலேயே இருக்கிறது. 'வித் ரிகர்சிவ்' என்று தொடங்கும் வினவல் படிப்படியாக முன்னேறும். அதில் 'யூனியன் ஆல்' என்று எழுதாமல் 'யூனியன்' என்று மட்டும் எழுதினால், ஒரு படியில் திரும்ப வரும் பெயர்களை அந்தப் படியிலேயே கழித்துவிட்டு, மிஞ்சியவர்களை வைத்து அடுத்த படிக்குப் போகும். ஒரு சொல்லை எடுப்பதில் கோடிக்கணக்கான வரிசைகள் மிச்சமாகின்றன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2009இல் வெளிவந்த 8.4 பதிப்பிலேயே இதைத் தந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் 2018 வரை தாமதித்தது. ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் அன்றைய போதாமையை அட்டவணை மாதிரியின் இயலாமையாக இன்றும் காட்டுவது நேர்மையான வாதமல்ல.

அந்தச் சோதனையின் முடிவிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஐந்தாம் படியில் கிடைத்த விடை ஏறக்குறைய 8 லட்சம் பேர். ஊரே விடையாக வரும் ஒரு கேள்வியை எந்தச் செயலி கேட்கிறது?

உலகின் மிகப் பெரிய நட்பு வலைகள் எதில் ஓடின என்று பார்த்தால் நம்பிக்கையின் அடித்தளமே ஆட்டம் காணும். ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, 'டாவோ' என்ற அதன் அமைப்பை விவரிக்கிறது. பொருள்கள் ஒரு பக்கம், 'இவர் இவருக்கு நண்பர்', 'இவர் இதை விரும்பினார்' போன்ற தொடர்புகள் இன்னொரு பக்கம். அடியில் இருந்தது மைஎஸ்க்யூஎல், அதன் மேல் பெரிய கேஷ் அடுக்கு. நொடிக்கு 100 கோடி வாசிப்புகளை அது தாங்கியது. ட்விட்டர் 2010இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஃப்ளாக்டிபியும் மைஎஸ்க்யூஎல் மேல் எழுப்பப்பட்டதே. அந்த ஆண்டு ஏப்ரலில் அதில் 1,300 கோடிக்கும் அதிகமான இணைப்புகள் இருந்தன. பல படி தாண்டிச் செல்லும் வினவல் தங்கள் நோக்கமே அல்ல என்று அதை எழுதியவர்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள். இன்னாரை யார் பின்தொடர்கிறார்கள், இந்தப் பதிவுக்கு வந்த கடைசிக் கருத்துகள் எவை என்பவைதான் நாள்முழுக்க வந்த கேள்விகள். அவற்றுக்கு ஒரு படி போதும். ஒரு படிக்கு நல்ல இண்டெக்ஸ் போட்ட அட்டவணை போதும்.

இந்த விவாதம் நேற்று முளைத்ததும் அல்ல. 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ், பதிவுக்குப் பதிவு சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தரவுத்தளம்தான். அதற்காக 1973இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரை, அப்படிப்பட்ட அமைப்புகளின் ஒரு குறையைக் குறிவைத்தது: தரவு எந்தப் பாதையில் கோக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பாதையை நம்பி நிரல் எழுதப்படுகிறது, பாதை மாறினால் நிரல் உடைகிறது. சைஃபர் போன்ற மொழிகள் இதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதைக் கணுவாக்குவது, எதை இணைப்பாக்குவது என்ற முடிவு இன்றும் வினவலுக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'பங்குதாரர்' என்று ஓர் இணைப்பு போட்டுவிட்ட பிறகு, அந்தப் பங்கை வாங்கிக் கொடுத்த முகவரையும் அதோடு சேர்க்க வேண்டிவந்தால், இரண்டு முனை உள்ள இணைப்பில் மூன்றாமவருக்கு இடம் இல்லை. இணைப்பையே கணுவாக மாற்ற வேண்டும், அதைத் தொட்ட வினவல்களைத் திருத்த வேண்டும். அட்டவணையில் அது பெரும்பாலும் ஒரு பத்தியைச் சேர்க்கும் வேலை.

கிராஃப் தரவுத்தளம் தன் பலத்தைக் காட்டிய இடம் பனாமா ஆவணங்கள். வரிப் புகலிடங்களில் நிறுவனங்களைப் பதிந்து கொடுத்த மொசாக் ஃபொன்சேகா நிறுவனத்திலிருந்து கசிந்த 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட், சுமார் 2,14,000 நிறுவனங்கள். 2016இல் அவற்றை வெளிக்கொணர்ந்த பன்னாட்டுப் புலனாய்வு இதழாளர் கூட்டமைப்பு நியோ4ஜேயையும், அதைத் திரையில் வரைந்து காட்டும் லிங்க்யூரியஸ் மென்பொருளையும் பயன்படுத்தியது. ஒரு பெயரைச் சொடுக்கினால் அதன் நிறுவனங்கள், இன்னொரு சொடுக்கில் அவற்றின் பங்குதாரர்கள் என்று வலை விரியும். எந்தக் கேள்வியைக் கேட்பது, எத்தனை படி போவது என்று முன்கூட்டியே தெரியாத செய்தியாளர்களுக்கு அது மிகச் சரியான கருவி. ஆனால் மின்னஞ்சல்களும் பிடிஎஃப்களும் நிறைந்த ஆவணக் குவியலைத் துழாவ அவர்கள் நம்பியது சோலார் என்ற எழுத்துத் தேடு பொறியைத்தான். கிராஃபுக்குள் போனது ஏற்கெனவே ஒழுங்குபடுத்தப்பட்டிருந்த பகுதி. வேலைக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றில் கொட்டவில்லை.

அதே வரிப் புகலிட உலகிலிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. கேமன் தீவுகளில் உக்லாண்ட் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2008இல் எண்ணிப் பார்த்தபோது, 18,857 நிறுவனங்களுக்கு அதுதான் பதிவு முகவரி. முகவரியைக் கணுவாக வைத்தால், இந்த நிறுவனங்களில் எந்த இரண்டை எடுத்தாலும் இரண்டே படி தூரத்தில் நிற்கும். திரையில் பயங்கரமான சதிவலை தெரியும், உண்மையில் அவற்றுக்குள் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. வினவலும் அந்தக் கணுவில் மோதியதும் திணறும். எந்தத் தொடர்புக்குப் பொருள் உண்டு, எதற்கு இல்லை என்று தீர்மானிப்பது மாதிரியை வடிவமைப்பவரின் பொறுப்பு. எந்தத் தரவுத்தளமும் அந்த வேலையை அவருக்காகச் செய்து தராது.

அட்டவணையா கிராஃபா என்ற சுவரைத் தரநிலைக் குழுக்களே இப்போது இடித்துவிட்டன. 2023இன் எஸ்க்யூஎல் தரநிலையில் சேர்ந்த பிஜிக்யூ பகுதி, இருக்கும் அட்டவணைகளையே கிராஃபாக அறிவித்து, பாதைகளைத் தேட வழி செய்கிறது. ஆரக்கிள் அதைத் தன் 23ஏஐ பதிப்பில் செயல்படுத்தியிருக்கிறது. கிராஃபுக்கென்றே ஜிக்யூஎல் என்ற தனித் தரநிலை 2024இல் வந்தது. தரவை எதில் வைப்பது என்பதும், அதனிடம் எப்படிக் கேட்பது என்பதும் இரண்டு தனித்தனி முடிவுகள்.

ஆகவே மாற்றத்துக்குக் கையெழுத்திடும் முன் மேலாளர்களும் வடிவமைப்பாளர்களும் ஒரு வேலை செய்யட்டும். பயனர்கள் அன்றாடம் கேட்கும் கேள்விகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை படி போகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிந்தால், விடுபட்ட இண்டெக்ஸ்களைப் போடுங்கள், ரிகர்சிவ் வினவலை எழுதுங்கள், சொந்தத் தரவில் நேரத்தை அளந்து பாருங்கள். நீளம் தெரியாத பாதைகளும் முன்கூட்டித் தெரியாத வடிவங்களும்தான் உங்கள் கேள்விகள் என்றால் கிராஃப் தரவுத்தளத்தைத் தயங்காமல் வாங்குங்கள். இன்னொருவர் நூலில் வந்த நான்கு வரி அட்டவணையை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.