பக்கத்து வீட்டு மொழி

சிங்கப்பூரின் பண நோட்டில் தமிழ் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பு கேட்கிறது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். அந்நாட்டின் குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் மொத்தமே 9 விழுக்காடு. அவர்களிலும் தமிழர் ஒரு பகுதியினர். அவ்வளவு சிறிய சமூகத்தின் மொழியை மலாய், மாண்டரின், ஆங்கிலத்தோடு அரசமைப்புச் சட்டமே ஒரே வரிசையில் அமர்த்தியிருக்கிறது. ஆனால், பல மொழிக்காரர்கள் சேர்ந்து எப்படி வாழ்கிறார்கள் என்பதை நோட்டில் அச்சான எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சந்தையிலும் மின்தூக்கியிலும் மருத்துவமனைக் கட்டிலருகிலும் யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கே ஒரு பழக்கம் இரண்டு தலைமுறைக்குள் அருகிவிட்டது: அடுத்த இனத்தாரின் மொழியைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டு பேசும் பழக்கம்.

சிராங்கூன் சாலை முனையிலுள்ள தேக்கா சந்தைக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அங்கே காய்கறியும் மீனும் விற்கும் வயதான சீனர்கள் சிலர் தமிழில் விலை சொல்வார்கள். முருங்கைக்காய் பிஞ்சா முற்றலா என்று தமிழிலேயே நம்மோடு வாதாடுவார்கள். அதே சந்தையில் ஆட்டிறைச்சி விற்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர், வந்து நிற்கும் மலாய்ப் பெண்மணியிடம் மலாயில் பேசிவிட்டு, அடுத்த நொடியில் நம்மிடம் ஊர்த் தமிழுக்குத் திரும்புவார். இவர்கள் யாரும் இதற்காக வகுப்புக்குப் போனவர்கள் அல்லர். வாடிக்கையாளர் வந்தார், அவரோடு மொழியும் வந்தது. தேக்கா என்ற பெயரே ஹொக்கியன் பேசும் சீனர்கள் வைத்தது. தமிழர்கள் அதைத் தங்கள் ஊர்ப்பெயர் போல எடுத்துக்கொண்டு எத்தனையோ காலமாகிறது.

அந்தத் தலைமுறைக்குப் பொதுமொழியாக இருந்தது பசார் மலாய். ஏட்டு மலாயின் பெரும்பாலான ஒட்டுகளை உதறிவிட்டு, சீன மொழிகளின் சாயல் ஏறி, சந்தைக்கென்றே உருவான பேச்சு அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழரும், ஆற்றில் சரக்குப் படகு தள்ளிய ஹொக்கியன்காரரும், பாவியன் தீவிலிருந்து வந்து வண்டியோட்டிய முஸ்லிமும் அதில்தான் கூலி பேசினார்கள், கடன் கேட்டார்கள், சண்டையும் போட்டார்கள். யாருக்கும் அது தாய்மொழி இல்லை. அதனால் அதைத் தப்பாகப் பேசியதற்காக யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. இன்று அந்தப் பேச்சு முதியவர்களோடு ஒடுங்கிவிட்டது. மலாய்தான் இன்னமும் தேசிய மொழி. ஸுபிர் சைட் இயற்றிய தேசிய கீதத்தை எல்லா இனப் பிள்ளைகளும் மலாயில்தான் பாடுகிறார்கள். ராணுவ அணிவகுப்பின் கட்டளைகளும் மலாயில்தான் ஒலிக்கின்றன. ஆனால் அந்தக் கட்டளைக்குக் கால் மாற்றும் சீன, தமிழ் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழியில் ஒரு பாட்டியிடம் நலம் விசாரிக்கத் தெரியாது.

இது தானாக நடந்ததல்ல. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டான 1966இல் இருமொழிக் கல்வி கட்டாயமானது: எல்லோருக்கும் ஆங்கிலம், கூடவே அவரவர் ‘தாய்மொழி’. அந்த முடிவின் பின்னிருந்த அச்சம் நியாயமானது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்த இலங்கை எந்த வழியில் போனது என்பதை முதல் பிரதமர் லீ குவான் யூ பலமுறை எச்சரிக்கையாகச் சுட்டிக்காட்டினார். எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தை நடுவில் வைத்ததால் பெரும்பான்மைச் சீனர்களின் மொழி மற்றவர்கள்மேல் சுமத்தப்படவில்லை. ஈழத்தின் கதையை அறிந்த தமிழர் யாரும் இதன் அருமையைக் குறைத்துப் பேச முடியாது. நானும் குறைத்துப் பேசவில்லை.

சிக்கல் அடுத்த அடியில் இருக்கிறது. தாய்மொழி எது என்பதை வீட்டில் பேசும் மொழியைக் கொண்டு முடிவுசெய்யாமல், பெரும்பாலும் தந்தையின் இனத்தைக் கொண்டு முடிவுசெய்தார்கள். தியோச்சியூ பேசும் சீன வீட்டுப் பிள்ளைக்கு மாண்டரின் தாய்மொழியானது. 1979இல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியனும் கண்டனீஸும் படிப்படியாக நீக்கப்பட்டன. வீட்டில் இத்தகைய சீன வட்டார மொழிகளையே அதிகம் பேசுவோர் 2010இல் 14.3 விழுக்காடு, 2020இல் 8.7 விழுக்காடு. பேரப்பிள்ளைகளோடு பேச மொழியில்லாமல் போன தாத்தா பாட்டிகளின் துயரம் இந்த எண்களுக்குள் இருக்கிறது. 2016இல் முதியோருக்கான அரசுத் திட்டங்களை விளக்க ஹொக்கியனிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையிலிருந்து விலக்கிவைத்த மொழியில் பேசினால்தான் அந்த முதியவர்களின் மனத்தைத் தொட முடியும் என்பதை அரசே உணர்ந்துகொண்டது.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொன்று. 1989இல் சிங்கப்பூர் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடுவரை வீடு வாங்கலாம் என்று வரம்பு வைத்தது. ஓர் இனம் ஒரே இடத்தில் திரண்டு சேரியாகிவிடக் கூடாது, பிள்ளைகள் ஒரே தாழ்வாரத்தில் விளையாடி வளர வேண்டும் என்பது நோக்கம். அந்த அளவுக்கு முனைந்து வீட்டுக் கதவுகளை அடுத்தடுத்து வைத்த அதே நாடு, தாய்மொழிப் பாட வேளை வந்ததும் பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்துத் தனித்தனி அறைகளுக்கு அனுப்புகிறது. பக்கத்து வீட்டு நண்பனின் மொழியில் நாலு வாக்கியம் பேசக் கற்றுக்கொள்ளும் வேளை பெரும்பாலான பிள்ளைகளின் கால அட்டவணையில் இல்லை. தாழ்வாரத்தில் அவர்கள் சந்திக்கும்போது மிஞ்சுவது ஆங்கிலம். 2020 கணக்கெடுப்பில் ஆங்கிலத்தையே வீட்டில் அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடாக உயர்ந்திருந்தனர்; பத்தாண்டுக்கு முன் அது 32.3. தமிழ் 3.3இலிருந்து 2.5ஆகக் குறைந்தது.

இந்தச் சரிவுக்கு நம் பக்கத்திலும் காரணம் உண்டு. பேச்சுத் தமிழைக் கொச்சை என்று வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, எந்த வீட்டிலும் பேசப்படாத ஏட்டுத் தமிழை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மொழியியலாளர் ஹெரால்டு ஷிஃப்மன் சிங்கப்பூர்த் தமிழைப் பற்றி எழுதியபோது இதையே குறையாகச் சொன்னார். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘பள்ளிக்கூடம் முடிஞ்சு எம்ஆர்டியில வந்தேன் லா’ என்று ஒரு பிள்ளை பாட்டியிடம் சொன்னால் அதில் மூன்று மொழி கலந்திருக்கலாம். ஆனால் பாட்டியிடம் தமிழில் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வாக்கியத்தைத் திருத்தத் தொடங்கினால், அடுத்த முறை அது முழு ஆங்கிலத்தில் வரும். கலப்பைக் கண்டு பதறுகிற தமிழாசிரியர்களிடம் இதை மன்றாடிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமான சிங்கிலிஷ் இருக்கிறதே, அது இன்றைய பசார் மலாய் இல்லையா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். 2000இல் தொடங்கிய ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கத்தால் அதை அழிக்க முடியவில்லை. கவிஞர் குவீ லி சுய் 2016இல் அதைப் போற்றி அமெரிக்க நாளிதழொன்றில் எழுதினார். பிரதமரின் ஊடகச் செயலாளர் அதே நாளிதழுக்கு மறுப்பு அனுப்பினார். ஹொக்கியனும் மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்த அந்தப் பேச்சை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதன் முதுகெலும்பு ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாத மூதாட்டிக்கு அது கதவு திறக்காது. பசார் மலாய் திறந்தது.

அந்தப் பழைய திறமை இன்று வேறொரு கூட்டத்தாரிடம் உயிரோடிருக்கிறது. அவர்கள் கட்டுமானத் தளங்களில் உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்கள். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போனவர்கள் பங்ளாதேஷ்காரர்களோடு ஒரே சாரத்தில் நிற்கிறார்கள். தமிழ், வங்காளம், இந்தி, சிங்கிலிஷ் துணுக்குகளைச் சேர்த்து ஒரு பேச்சை உண்டாக்கிக்கொள்கிறார்கள். பாரந்தூக்கி தலைக்குமேல் நகரும்போது ‘தள்ளு’ என்பது எல்லோருக்கும் விளங்கியாக வேண்டும். 2020இல் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியபோது, எங்கே வலிக்கிறது என்று வங்காளத்தில் கேட்கத் தெரியாமல் மருத்துவப் பணியாளர்கள் திணறினார்கள். இளம்பெண் ஒருவர் தாமாக முன்வந்து மருத்துவக் கேள்விகளை வங்காளத்தில் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிய பிறகுதான் அவர்களில் பலருக்கு வழி பிறந்தது.

அடுத்தவர் மொழியைப் பேசும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் மீட்க, தொடக்கப் பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம் போதும். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், எழுத்துகூட வேண்டாம். தமிழ்ப் பிள்ளை மலாயிலும், சீனப் பிள்ளை தமிழிலும், மலாய்ப் பிள்ளை ஹொக்கியனிலும் கடையில் பொருள் வாங்கவும், வழி கேட்கவும், நோயாளியிடம் வலியை விசாரிக்கவும் பழகட்டும். சில பள்ளிகளில் மலாய், மாண்டரின் உரையாடல் வகுப்புகள் இருந்திருக்கின்றன. அவற்றில் தமிழையும் சேர்த்து எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோகலாம். சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. தேக்காவில் தமிழ் பேசும் அந்தச் சீன வியாபாரிகள் இன்னும் கடை நடத்துகிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது, அழைப்பதானால் இப்போதே அழைக்க வேண்டும்.