தலைமடையில் ஒரு தனிக்கரை

மேட்டூர் அணை திறக்கப்பட்டுப் பல நாள் கழிந்த பின்னும் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடப்பது ஏன் என்று கேட்டால், நம்மவர் பலரும் மேற்குத் திசையைக் காட்டுவர். கர்நாடகம் தரவில்லை என்பர். பல ஆண்டுகளில் அது மெய்யே. 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் தொடங்கி, 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிற்கென 177.25 டி.எம்.சி. என்று அறுதியிட்டது வரை, மேலே இருப்பவன் கீழே இருப்பவனின் பங்கை விழுங்கலாகாது என்றே நாம் நூறாண்டிற்கும் மேலாக வாதாடி வந்திருக்கிறோம். அதே வாதத்தை நம் ஊர் வாய்க்காலுக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் நமக்கு ஏன் இத்தனை கூச்சம்?

கிளை வாய்க்கால் தம் வயலை ஒட்டிச் செல்லுமிடத்தில் நிலக்காரர் ஒருவர் சவுக்குக் கழிகளை அடித்து, மண் மூட்டைகளை அடுக்கி, மேலே மண்ணைக் கொட்டிவிடுகிறார். முன்பு பத்து ஆட்கள் இரண்டு நாள் செய்த வேலை. பொக்லைன் வந்த பிறகு ஒரு முற்பகலில் முடிகிறது. நீர் மட்டம் உயர்கிறது. அவர் மடையில் நீர் தானாக ஏறுகிறது. கீழே முப்பது, நாற்பது குடும்பங்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ குத்தகைக்கு எடுத்த தலித் குடும்பங்கள் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. தஞ்சைத் தரணியில் தலைமடை யாருக்கு, கடைமடை யாருக்கு என்பதைச் சாய்வு மட்டும் தீர்மானித்ததில்லை.

குறுக்கே மண் போடுவதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆற்றில் நீர் தாழ்ந்த காலத்தில் மணலும் தழையும் கொண்டு கொரம்பு போட்டு வாய்க்காலுக்கு நீரைத் திருப்புவது காவிரிக் கரையின் பழைய வழக்கம். ஆனால் கொரம்பை ஊர் கூடிப் போட்டது. முறை வைத்து நீரைப் பகிர்ந்தது. வெள்ளம் வந்தால் அது தானே கரைந்துபோனது. தூர் வாரவும் கரை கட்டவும் குடிமராமத்து இருந்தது. அது தளர்ந்தபோது சென்னை மாகாணத்தில் 1858இல் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. (அன்றும் மண்வெட்டி பிடித்தவர் ஒருவர், நீர் பாய்ந்த நிலம் வேறொருவருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும், பழமையைப் போற்றுவோர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.) இன்றைய தனிக்கரை கரைவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போதும் அது அங்கேயே நிற்கிறது. சாய்வே இல்லாத சமவெளி நம்முடையது. வடிய வழியின்றி மேல்வயல்காரரின் சம்பா அழுகுகிறது. கோடையில் கீழே இருப்பவனையும், மாரியில் மேலே இருப்பவனையும் ஒரே கரை கெடுக்கிறது.

“என் பட்டா நிலம், என் பணம், என் கரை” என்பதே வழக்கமான மறுமொழி. நிலம் அவருடையதாகலாம், ஓடும் நீர் அவருடையதன்று. இயற்கையான நீரோடை தன் நிலத்தின் வழியே தடையின்றியும் குறைவின்றியும் ஓடிவரக் கீழ்நிலக்காரனுக்கு உள்ள உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. வெட்டிய வாய்க்காலுக்கு இது அப்படியே பொருந்துமா என்று வழக்கறிஞர் வாதிடட்டும். அறம் இரண்டிற்கும் ஒன்றே. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்று நீர் எந்த ஒரு மாநிலத்திற்கும் தனிச் சொத்தன்று, அது நாட்டின் செல்வம் என்று 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியபோது நாம் மகிழ்ந்தோம். ஒரு மாநிலத்திற்கே இல்லாத உரிமை ஒரு மிராசுதாருக்கு எங்கிருந்து வந்தது?

கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையைப் பாருங்கள். அது நீரைத் தேக்கிப் பூட்டி வைக்க எழுந்ததன்று. காவிரிக்கும் வெண்ணாற்றிற்கும் பிரித்துக் கொடுத்து, மிகையைக் கொள்ளிடத்தில் விடும் அணை அது. இந்த மண்ணின் தலையாய அணையே பங்கிடும் அணையாக இருக்க, அதன் வாய்க்கால்களில் பதுக்கும் கரைகள் முளைக்கின்றன. மழைநீரைத் தம் நிலத்துப் பண்ணைக்குட்டையில் சேமிப்பவரை நாம் குறை கூறவில்லை, அவரைப் பாராட்டுகிறோம். நாம் பேசுவது பொதுநீரைப் பற்றி.

திருச்சபையின் போதனை இதில் மங்கலானதன்று. படைக்கப்பட்ட பொருள்கள் எல்லாருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கூறியது. தனியுடைமை நிபந்தனையற்ற உரிமையன்று என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், 2015இல், குடிநீரை மனிதரின் அடிப்படை உரிமை என்றார். இவற்றிற்கெல்லாம் முன்பே தொடக்கநூல் 26ஆம் அதிகாரம் இருக்கிறது. ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணால் தூர்த்தனர். ஈசாக்கின் வேலையாள்கள் புதிதாகத் தோண்டிய கிணறுகளுக்கும் பூசல் எழுந்தது. ஒன்றிற்குச் சச்சரவு என்றும், மற்றொன்றிற்குப் பகை என்றும் ஈசாக்கு பெயரிட்டார். நம் வாய்க்கால்களுக்கும் அப்பெயர்களை இடலாம்.

ஆனால் மறையுரையில் இதை யார் பேசுகிறார்? கரைக்கு உரியவரே தேர்த்திருவிழாவின் உபயகாரராக இருக்கும் ஊரில் நாக்கு தடித்துவிடுகிறது. குருக்களாகிய நாம் கர்நாடகத்தைக் கண்டித்து ஊர்வலம் போவோம். அதில் எவர் மனமும் புண்படுவதில்லை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருபவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகட்டும் என்கிறார் ஆண்டவர். அந்த மனத்தாங்கல் நம் ஊர்களில் வாய்க்காலின் கடைக்கோடியில் காய்ந்து கிடக்கிறது.

எனவே நாம் கேட்பது இது. கோயில் நிலம் தலைமடையில் உள்ள பங்குகளில், அதன் ஓரத்தில் குறுக்குக் கரை ஏதும் இருந்தால் முதலில் அது அகலட்டும். பங்குப் பேரவை தலைமடையாரையும் கடைமடையாரையும் ஒரே பாயில் அமர்த்தி, யாருக்கு எந்நாள் நீர் என்று எழுதி ஆலய வாயிலில் ஒட்டட்டும். மேட்டூர் திறப்பதற்கென்று வழக்கமாகக் குறிக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன்பே இது முடியட்டும். மறுப்பவர் எவராயினும், அவர் தரும் கொடிமரத்தையும் தேர்வடத்தையும் ஏற்பதா என்பதை அந்தப் பேரவையே கடைமடையாரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.