கூடாரம் பேணல்

முகாம் கலையும் காலையில் சாரணர் கூடாரத்தைப் பனியீரத்தோடு சுருட்டி உறையிலிட்டுவிடுகின்றனர். புயலினும் மிகுதியாகக் கூடாரங்களைக் கெடுப்பது இவ்வழக்கமே. பருத்திக் கித்தானில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் படரும், நூல் இற்றுப்போகும். நைலான் மட்குவதில்லையே, அதனை உலர்த்துவானேன் என்பாரும் உளர். நைலான் எளிதில் மட்காது என்பது மெய்தான். ஆயினும், நீர் புகாவண்ணம் அதன்மேல் பூசிய பாலியூரித்தேன் படலம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து, பிசுபிசுத்து, உரிந்துவிடும். பின்னர்க் கூடாரம் ஒழுகும். வெயிலில் நாட்கணக்கில் விரித்து வைத்தலும் ஆகாது. புறஊதாக் கதிர்கள் நைலானை வலுவிழக்கச் செய்யும். நிழலில், நல்ல காற்றில், தையலோரங்களும் காயும்வரை உலர்த்துதலே முறை. களைத்து வீடு திரும்பிய சிறுவர்க்கு இது தொல்லையே. ஆனால், பள்ளிக் கூடாரத்தில் அடுத்த மழையிரவில் படுத்திருப்போர் வேறு சிறுவர் அல்லரோ?